மூன்றாவது சிலிண்டர்

அடாயில்டன் டர்போவை மாட்டியது ஒரு சனிக்கிழமை.
பீர் இருந்தது, அடுப்பில் இறைச்சி இருந்தது,
பம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து
செர்டாவ்ஸின்யோவுக்கு வெளியே, சுங்கச்சாவடி தெரிகிற மேட்டில்
கோல் ஒருமுறை இருமியது.
கோல் என்றால் தொண்ணூற்று நான்காம் வருடத்துச் சதுரக் கார்,
பின்கதவைக் குச்சி முட்டுக்கொடுத்துத்தான் திறந்து வைக்கவேண்டும்.
பிரித்துப் பார்த்தோம்.
மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு
வழிந்து உறைந்த மெழுகு.

மூச்சு முட்டிச் சாகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன்,
இது மூச்சு மிகுந்து செத்தது.
காற்றை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு
எரிபொருளைப் பழைய உழக்கால் அளந்தோம்.
உலையை ஏற்றியபின் அரிசி தேடினால்
பானைதான் வேகும்.

அவன் குயாபாவுக்குப் போய்விட்டான்.
கார் என் பெயரில்.
கடனும்.

பகலெல்லாம் ஆலை ஆய்வகத்தில்
ஆல்கஹாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்ப்பது என் வேலை.
கரும்பு தின்னக் கூலியா என்பீர்கள்,
கரும்பைக் குடிக்கிற ஒரு காருக்கே
என் கூலி முழுக்கப் போகிறது.
பெட்ரோல் பத்து மடக்கு கேட்கிற இடத்தில்
இது பதினாலு கேட்கும்.

பழைய குழாயை உருவினேன். ரப்பர் விரலில் மாவாக ஒட்டியது.
உள்ளேயிருந்தே மென்றிருக்கிறது, இத்தனை வருடம், சத்தமில்லாமல்.
எண்பது பவுண்டு இன்ஜெக்டர் நான்கு, ஆறு தவணையில்.
டேங்குக்குள் புதுப் பம்ப்.
குடித்து மீந்தது திரும்பிவர ஒரு தனிக் குழாய்.
நீல நிற ரெகுலேட்டர், அதிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப்
எஞ்சினின் மூச்சுக்குழலுக்கு.

"மூணு பார் போதாதா?" என்றாள் ஜந்தீரா,
பக்கத்துக் கொட்டகையில் பைக்குகளுக்குப் பெயின்ட் அடிப்பவள்.
உள்ளே காற்று ஒன்றரை பாரில் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கும்,
நாலரையோடு போனால்தான் மூன்றாய் நுழைய முடியும் என்றேன்.
யோசித்தாள்.
"வாடகை ஏறினா சம்பளமும் ஏறணும்கிற மாதிரி."
ஆமாம், ஆனால் இங்கே ஏறும்.

வாளியில் குழாயை விட்டு முப்பது நொடி.
அந்த அழுத்தத்தில் ஒன்று புள்ளி ஆறு லிட்டர் வரவேண்டும்.
ஒன்று புள்ளி ஒன்று.
மறுபடி.
ஒன்று புள்ளி ஒன்று.
விற்றவனைத் திட்டினேன், ஃபில்டரை மாற்றினேன்,
அடாயில்டனை அவன் அம்மா பெயரோடு சேர்த்து ஒருமுறை திட்டினேன்,
அதற்கு அவசியம் இல்லாவிட்டாலும்.
ஞாயிறு இரவு பதினொன்றுக்கு
மல்டிமீட்டரின் ஊசிகளைப் பம்பின் முனைகளில் வைத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட்.
பம்ப்புக்கு வந்து சேர்ந்தது ஒன்பது எண்பது.

பின்சீட்டுக்கு அடியில், கம்பளத்துக்கும் அடியில்
முப்பது வருடத்துப் பழுப்பு ஒயர்,
தலைமுடிக்கு அக்கா அளவு.
பசியாற்ற நான் கொண்டுவந்து வைத்ததே
பட்டினி கிடந்திருக்கிறது.

விரல் பருமனில் புது ஒயர், ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ்.
வாளி நிறைகிற சத்தம் மாறியது.
அளக்குமுன்பே தெரிந்தது, இருந்தாலும் அளந்தேன்.

அறுவடை இயந்திரங்களின் விளக்குகள் கரும்புக்குள் நீந்துகிற நேரம்.
மூன்றாம் கியர். டர்போ விசிலடிக்கத் தொடங்கியது.
சாலையைப் பார்க்காமல் லாம்டா மீட்டரைப் பார்க்கிறவள்
ஓட்டக்கூடாது, தெரியும்.
எண்பது. எழுபத்தொன்பது. எழுபத்தொன்பது.
அங்கேயே நின்றது.
சுங்கச்சாவடி மேடு வந்ததும் கால் தானாகத் தூக்கிக்கொண்டது,
கார் கேட்கவில்லை,
கால்தான்.

அடாயில்டன் கேட்டிருந்தான்: கார் ஓடுதா?
வெட்டி எடுத்த பழுப்பு ஒயரைப் படம் எடுத்து அனுப்பினேன்.
"இது என்ன?" என்று வந்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
கொட்டகை முழுக்க இனிப்பாக ஒரு வாடை,
வாளியை மூட மறந்திருக்கிறேன்.