முதல் சொல்

காட்பாடியில் இறங்கியதும் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள்.
ஆஸ்பத்திரியா, ரூமா, இதர் ஆவ் என்று
நான்கு மொழியில் உங்கள் பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பார்கள்.
நீங்கள் கற்க வேண்டிய முதல் தமிழ்ச் சொல்
வணக்கம் இல்லை.
வேண்டாம்.
உதட்டைச் சேர்த்து முடியுங்கள். சிரிக்காதீர்கள்.
சிரித்தால் எவ்வளவு என்று கேட்பதாக அர்த்தம்.

லாட்ஜுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்,
விசா பக்கத்தை நானே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வேன்.
வெளிநாட்டுக்காரர் என்றால் ஒரு படிவம் உண்டு,
ஒரு நாளுக்குள் போலீசுக்குப் போயாக வேண்டும்.
என் நோட்டிலும் ஒரு வரி: புறப்படும் தேதி.
அதை மட்டும் பென்சிலால் எழுதுவேன்.
ரப்பர் என் டிராயரில் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் குளிக்க மட்டும்.
மே மாதம் காலை ஏழுக்குள் குளித்துவிடுங்கள்,
அப்பால கீசர் போடாமலே வெந்நீர்தான்.
கடுகெண்ணெய் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும்.
ரூமில் மீன் பொரிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறோம்.
மூன்றாம் மாடியில் எல்லோரும் பொரிக்கிறார்கள்.
ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

டோக்கனுக்கு விடியற்காலை நாலரைக்கே வரிசை நிற்கும்.
சீக்கிரம் பார்க்க வைக்கிறேன் என்று ஒருவன் வருவான்,
சலவைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.
அவனிடம்: முதல் சொல்.
இங்கே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்று பொருள்.
டாக்டர் அப்படி ஆட்டினால் மட்டும்
இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையைப் பாருங்கள், அகழியில் தண்ணீர் உண்டு.
பாலாற்றைப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.
பரிசாலிலிருந்து வந்த தொஃபஸ்ஸல்
பாலத்து நடுவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி
ஆறு எங்கே என்று கேட்டிருக்கிறார்.
இதுதான் என்று மணலைக் காட்டினாராம் டிரைவர்.
அவர் ஊரில் மளிகைக் கடைக்கே படகில் போவார்களாம்.
திரும்பி வந்து என்னிடம் கோபித்துக்கொண்டார்,
ஆற்றை நான்தான் எங்கோ எடுத்து வைத்த மாதிரி.

எது வேண்டுமானாலும் கவுண்டரில் கேளுங்கள்.
என் பெயர் வேண்டாமணி.
நாலாவது பெண். ஒடுகத்தூர்ப் பக்கம்
இப்படி வைத்தால் அடுத்தது பையன் என்று ஒரு நம்பிக்கை.
அடுத்ததும் பெண்தான்,
அவளுக்குப் பெயர் வைக்க இரண்டு மாதம் ஆனது.
இதைச் சொன்னபோது தொஃபஸ்ஸலின் மனைவி ரொவ்ஷனாரா
சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.
உன்னைக் கூப்பிட்டால் வருவாயா,
விரட்டுகிறார்கள் என்று போய்விடுவாயா என்றாள்,
அரை இந்தியில், மீதி கையால்.

பத்தொன்பதாம் நாள் சாயந்திரம்.
அவர் எதிர்ச்சாரியில் டீ வாங்கிக்கொண்டிருந்தார்.
அவள் கவுண்டரில் கையூன்றி நின்று
ஸ்கேன் கவரை என் பக்கம் தள்ளினாள்.
ஆபரேஷன் வேண்டாம், என்றாள்.
உதட்டைச் சேர்த்து முடித்தாள். சிரிக்கவில்லை.
சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது உச்சரிப்பு.
அது ஆட்டோக்காரனுக்கான சொல் அக்கா
என்று நான் சொல்லியிருக்கலாம்.
கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தோம்,
இரண்டு கப்பையும் ஒரே கையில் பிடித்து
லாரி போகக் காத்திருந்தார்.
நான் டிராயரைத் திறந்தேன்.
ஆகஸ்ட் என்றிருந்தது சனிக்கிழமை ஆனது.
அவரிடம் எந்த மொழியில் சொன்னாள் என்று தெரியாது.

திரும்பிப் போகும்போது கவனிக்க:
ஹவுரா வண்டி காட்பாடியில் சில நிமிடம்தான் நிற்கும்.
பெட்டிகளை அப்புறம் ஏற்றலாம்,
முதலில் ஆளை ஏற்றுங்கள்.
கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றால் எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்.
இந்த ஊரில் ஏறுகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.
மிச்சமிருக்கும் கடுகெண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்,
வழியில் கொட்டும்.
ரூமிலேயே வைத்துவிடுங்கள்.
அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.