அரை சென்டிமீட்டர்

சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி, கப்பல்.
பால்கனி வைத்த அறை.
இந்த வருஷம் ஒரு பீஸ்கூடத் திரும்பி வராததற்கு
எம்.டி. கையால் கொடுத்த கவர்.
ஃபினிஷிங் செக்‌ஷனே கைதட்ட,
அயர்ன் டேபிள் ஆவிக்குள் நின்று பிரித்தேன்.
எட்டாம் தளம் என்று போட்டிருந்தது.

பதினோரு வருஷமாக
யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ பயந்து
சம்பளம் வாங்குகிறவள் நான்.
எந்த ஊர்ச் சறுக்குமரத்திலோ மாட்டிக்கொள்ளும் என்று
தலைக்குல்லாயில் நாடா விடமாட்டேன்.
பட்டனைக் கிளிப்பில் கவ்வி இழுத்து
பத்து நொடி நிறுத்துவேன்;
கழன்றால் அது பட்டன் இல்லை, ஒரு தொண்டை.
ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டும்
அட்டையில் ஒட்டிக் கண்ணுக்குத் தெரியும்வரை
என் லைனில் மெஷின் ஓடாது.

சஷ்வினுக்கு மூன்றேகால் வயது.
தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
அந்த சைஸுக்கு நான் அனுமதிக்கிற பிசகு
கூட்டியோ குறைத்தோ அரை.

கப்பல்காரர்கள் ஒழுங்காகத்தான் பதில் போட்டார்கள்.
கைப்பிடி நூற்றுப்பத்து சென்டிமீட்டர்,
கீழே முழுக்கக் கண்ணாடி,
பால்கனியில் இரண்டு நாற்காலி.
நாற்காலி எதற்கு என்று நான் கேட்டதற்கு மட்டும்
பதில் வரவில்லை.

சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடிந்த ராத்திரி
பி.என். ரோட்டு வீட்டு ஹாலில்
கட்டிங் சாக்கால் கோடு போட்டேன். நாலடிக்கு ஏழடி.
கதவுக் கொண்டிக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே
நூற்றுப்பத்து உயரத்தில்
ஜட்டி எலாஸ்டிக் இழுத்துக் கட்டினேன்.
"என்ன அம்மிணி, வூட்டுக்குள்ள கோலம்?"
"கப்பலுங்க."

சும்மா நின்றால் எலாஸ்டிக்
அவன் தலைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே குறைய,
மேலேதான் இருந்தது. பாஸ்.
பிறகு நாற்காலி.
அந்த மூலையில் போட்டேன். ஏறு என்று சொல்லவில்லை.
லைனில் டைம் எடுக்கிற ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

இழுக்க நாலு நொடி.
ஏற இரண்டு.
நாற்காலியின் கைமேல் கால் வைக்க இன்னும் ஒன்று.
எலாஸ்டிக் அவன் வயிற்றுக்கு வந்துவிட்டது.
இந்த வயதில் உடம்பில் தலைதான் கனம்.
குனிந்து, டைல்ஸைப் பார்த்து,
"மீனு! ஐ, மீனு!" என்றான்.

ஏழு நொடியும் அவன் அப்பா
அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்,
போனில் வீடியோ எடுத்தபடி.

திங்கள் காலை டிராவல்ஸுக்குப் பேசினேன்.
"எல்லாரும் மேல ஏத்திக் குடுங்கன்னு கேப்பாங்க மேடம்,
நீங்க எறக்கிக் கேக்கறீங்க.
உள் அறைங்க. ஜன்னலே கெடையாதுங்க.
வித்தியாசக் காசு திரும்ப வராதுங்க."
"வராட்டிப் போகுதுங்க."
"கடலையே பாக்காம எதுக்குங்க மேடம் கப்பலு?"
"பாப்போமுங்க. டெக்குல நின்னு.
கையப் புடிச்சுட்டு."

அவர் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க,
காற்றுக்கு நம் வீட்டு பால்கனியில் நின்றேன். ஐந்தாம் மாடி.
கீழே சாயத் துணி ஏற்றிய ஆட்டோ ஒன்று
தண்ணி லாரிக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
முழங்கை சொகுசாக எதன்மேலோ ஊன்றியிருந்தது.

வாஷிங் மெஷின்.
கம்பியை ஒட்டி.
பக்கத்தில், கவிழ்த்த பக்கெட்.
பக்கெட்டிலிருந்து மெஷினுக்கு ஒரு படி,
மெஷினிலிருந்து கம்பிக்கு அரைப் படி.
இரண்டு வருஷமாகத் தினம் இங்கே துணி மடிக்கிறேன்.
பக்கத்தில் நின்று அவன்
சாக்ஸுக்கு ஜோடி தேடிக் கொடுப்பான்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா மேடம்?"

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.
இரண்டு பேருமாக மெஷினை ஹாலுக்கு இழுத்தோம்.
குழாய் ஒன்றரை அடி பத்தவில்லை.
போட்ட துணியெல்லாம் சோப்போடு நிற்க
தண்ணீர் தரையெல்லாம் ஓடி
சாக் கோட்டில் பாதியை அழித்தது.
பால்கனிக் கதவின் உச்சியில்
என் கைக்கே எம்பினால்தான் எட்டுகிற கொண்டி
இப்போது புதிதாக ஒன்று.

அவன் ஹால் நடுவில்
மெஷின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.
ஏறியதை யாரும் பார்க்கவில்லை.