கையில் இருப்பு

வெள்ளி வரைக்கும் நான் வசூல்காரன்.
செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி.
சாக்கு விரித்த வாசல்களில்
பத்துப் பெண்கள், பத்து அட்டைகள்.
ஒருத்தி பணம் குறைந்தால்
மற்ற ஒன்பது பேரும் எழுந்து போகக் கூடாது.
கம்பெனி விதி.

சனிக்கிழமை காலை ஆரப்பாளையத்தில்
எங்கள் வீட்டுச் சமையல்கட்டில்
ஒரே ஓர் உறுப்பினர்.
தன்ஷிகா, ஆறாம் வகுப்பு.
இங்கே கொடுக்க வேண்டியவன் நான்:
நாலு பத்து ரூபாய்க் காசுகள்.
"கடையில இது செல்லாதுங்கிறாங்கப்பா."
"செல்லாதுண்டு சொன்னா
செல்லும்ண்டு சொல்லு."
பாடம் அவ்வளவுதான் வைத்திருந்தேன்.

கம்பெனி கொடுத்த போன வருஷத்து டைரியில்
அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள்.
வரவு. செலவு. கையில் இருப்பு.
நாலாவது கட்டம் அவளாகச் சேர்த்தது:
தெரியல.

முதல் வாரம்
தேன்மிட்டாய் ஐந்து, ஸ்டிக்கர் இருபது,
தெரியல பதினைந்து.
"தெரியலண்டு ஒரு செலவு உண்டா?" என்றேன்.
அடுப்பிலிருந்து திரும்பாமலே
அவள் அம்மா சொன்னாள்:
"உங்க சம்பளத்துல பாதி அதுலதான் போகுது."

சிம்மக்கல் கடையில்
சில்லறைக்குப் பதிலாக நீட்டிய இரண்டு சாக்லேட்டை
பாட்டில் மூடிமேல் திருப்பி வைத்தாள்.
"ரெண்டு ரூபா குடுங்க."
கடைக்காரர் என்னைப் பார்த்தார்.
நான் பேனா விலையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் தமுக்கம் பொருட்காட்சி.
நுழைந்ததும் முதல் கடையிலேயே
விளக்கு எரியும் தலைப்பட்டி, நாற்பது ரூபாய்.
பிறகுதான் டெல்லி அப்பளம் கண்ணில் பட்டது.
அவள் முகத்தைவிடப் பெரிது,
மேலே மிளகாய்ப்பொடி.
"அடுத்த வாரத்துல கழிச்சுக்கங்கப்பா."

இந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
வாரம் ஐந்து நாளும் கேட்கிறேன்.
பதில்கள் என் பையில் ரசீது போல
வரிசையாக இருக்கின்றன.
ஒன்றையும் எடுக்கவில்லை.
"இல்லம்மா" என்றேன்.
நானும் வாங்கவில்லை, அவள் அம்மாவும்.
கடித்து நொறுக்கும் கூட்டத்தைத் தாண்டி
மூன்று பேரும் நடந்தோம்,
அவள் தலையில் சிவப்பு பச்சை சிவப்பு பச்சை.
கோரிப்பாளையம் சிக்னல் வருவதற்குள்
பேட்டரி தீர்ந்துவிட்டது.
அன்றைய பக்கத்தில்
கையில் இருப்பு: 0.
சுழியை மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்,
தாளின் பின்பக்கம் தடவினால் தெரியும்.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம்:
ரிஃப்காவுக்குக் கொடுத்தது 12, கவராயம் வாங்க.
திரும்பி வரும் நாள்:
அவகிட்ட வரும்போது.

சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன்.
ஜாமீன் யார், தேதி என்ன,
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
அன்று மத்தியானம்தான் கருமாத்தூரில்
விருமாயிக்கு இருநூறு குறைந்தது.
பள்ளிக்கூடம் விட்டு
பிள்ளைகள் வரும் நேரமாகிவிட்டது,
ஒன்பது பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.
நான் உட்கார்ந்திருந்தது
அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட
பிளாஸ்டிக் நாற்காலி.
கடைசியில் முந்தானை முடிச்சுகளிலிருந்து
இருபதும் முப்பதுமாகச் சேர்ந்தது.
எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

பேனாவை மூடிப் பையில் செருகினேன்.
"என்னப்பா, தப்பா?"
"கூட்டல் சரிதான்."

ரிஃப்கா ஏழு ரூபாய் தந்திருக்கிறாள் இதுவரை.
மிச்சம் ஐந்தைத் தெரியலவில் போடச் சொன்னேன்.
"தெரியுமேப்பா" என்றாள்.

இந்தச் சனிக்கிழமை
வண்டிக்குப் பெட்ரோல் போட்டது போக
என்னிடம் மூன்று காசுதான்.
ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது எழுதியிருந்தாள்:
அப்பா தர வேண்டியது 10.
ரிஃப்காவுக்கு எழுதியதை எனக்கு எழுதவில்லை.
பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது.
"என்னைக்குப்பா?"
"திங்கள்."
"காலையிலயா, சாயங்காலமா?"
எழுதி முடித்து,
கையெழுத்துக்காக
டைரியை என் பக்கம் திருப்பினாள்.