மூன்று இருபதுக்கு ஒரு மேடு

ஏப்ரல் முழுக்க
மதியம் ஒன்றேகாலுக்கே நிரம்பிவிட்டது பேட்டரி.
மீதி வெயிலெல்லாம் கம்பியேறி
பெஸ்காமுக்குப் போனது, அடிமாட்டு விலைக்கு.
கைபேசியில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து
எனக்கு வயிறு எரிந்தது.
வெயிலுக்காக வயிறெரிகிற ஆளை
இந்த ஹொரமாவிலேயே இப்போதுதான் பார்க்கிறேன்
என்றாள் தமயந்தி.

சீட்டுப் பணம் கைக்கு வந்த மாதம் அது.
வாஷிங் மெஷின் ஒரு காலை இழந்து
நாலாய் மடித்த அட்டையின் மேல் நின்றது.
அதைப் பற்றி அவள் இரண்டு முறை சொன்னாள்.
மூன்றாவது முறைக்கு நான் காத்திருக்கவில்லை,
இரண்டாவது பேட்டரிக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

லக்கேஜ் ஆட்டோவில் வந்து இறங்கியது.
மாடிப்படி திரும்பும் இடத்தில்
மூன்று பேர் நின்று மூச்சு வாங்கினார்கள்.
கிரியப்பா மீட்டர் வைத்துப் பார்த்தார்.
பழையது ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு,
புதியது ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு.
ஒரு வோல்ட்கூட வித்தியாசமில்லையே, கோத்துவிடுங்கள் என்றேன்.
'பேடா சார். நிறைஞ்சது காலியானதுக்குள்ள
ஒரே பாய்ச்சலா பாயும். வயரு தாங்காது.'

தனித்தனியாக நிரப்பி
செருப்பு ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும்
அந்தப் பக்கம் ஒன்றுமாக
ராத்திரி முழுக்க இணைக்காமல் வைத்திருந்தோம்.
பழையதன் நெற்றியில் மூன்று வருடக் கீறல்.
புதியதற்கு இன்னும் பிரிக்காத கண்ணாடித்தாள்.

மறுநாள் வயர் வெட்டும்போது
பக்கத்தில் இருந்ததற்கு ஒரு சாண் போதும்.
கிரியப்பா இரண்டுக்கும் ஒரே நீளம் வெட்டினார்,
மிஞ்சியதை வளைத்துக் கட்டினார்.
'இல்லாட்டி கிட்டக்க இருக்கறதே
எல்லா வேலையும் செஞ்சு செஞ்சு சீக்கிரம் போயிடும் சார்.'
காபி கொண்டுவந்த தமயந்தி
டம்ளரை நீட்டியபடி
என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் ஜூன்.
வானம் நனைந்த சாக்குப்போல் கீழே தொங்கியது.
பானை ஒன்று கூடியிருந்தது, கிணறு அதேதான்.
கூரையில் அதே ஆறு தகடுகள்.
சாயங்காலம் பார்த்தால் இரண்டிலும் நாற்பது.
குறைகுடம் கூத்தாடும் என்பார்கள்,
இவை மூச்சுகூட விடவில்லை.
நானும்தான்.

செப்டம்பரில் ஒரு வியாழன்.
பகலெல்லாம் சுள்ளென்று காய்ந்து
ஏழே முக்காலுக்குப் பேய்மழை.
தூங்குமூஞ்சி மரத்தின் கிளை விழுந்து
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஊதா நிறத்தில் வெடித்தது.
எதிர்வீட்டு ஜெனரேட்டர் பதினொன்று வரை உறுமிவிட்டு
டீசல் தீர்ந்து ஓய்ந்தது.
நான் விழித்திருந்து கணக்குப் போட்டேன்.
ஒன்று மட்டும் இருந்திருந்தால் இரண்டு மணியோடு சரி.
இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது
பார்த்தே தீர்வது என்று படுத்திருந்தேன்.
ஒன்றரைக்குத் தூங்கிப்போனேன்.

ஐந்தே முக்காலுக்குக் கண் விழித்தால்
தலைக்கு மேல் ஃபேன்.
பதினொரு சதவீதம் மிச்சம்.
கைபேசிக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காசு கொடுத்து வாங்கிய நேரம் இதுதான்,
இரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை.
நான் அதில் இல்லவே இல்லை.
ஆனால் மூன்று இருபதுக்கு
செலவுக் கோட்டில் ஒரு மேடு,
நாற்பது நிமிட அகலம், மேலே பல் பல்லாக.

யார் என்ன போட்டது என்று கேட்டேன்.

'முழிப்பு வந்தது. மழை விட்டிருந்தது.
ரெண்டு நாள் துணி கிடந்ததே, மெஷின்ல போட்டேன்.
ஏன்?'

ஊரே இருட்டில் கிடந்ததடி என்றேன்.

'அப்படியா? கரண்ட் வந்துடுச்சுன்னு நினைச்சேன்'
என்று மறுபடி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

பால்கனியில் என் நாலு சட்டைகள்,
அவளுடைய மஞ்சள் நைட்டி, தலையணை உறைகள்.
அட்டை, மெஷினின் காலடியை விட்டு
ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.
குனிந்து எடுத்து மடித்தேன்.
துணிகளும் கூரைத் தகடுகளும்
கலையாத அதே மேகத்துக்குக் கீழே
சொட்டிக்கொண்டிருந்தன.