மூச்சு மட்டும்

அந்தேரியில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாம் மாடி.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
அந்த ராஜ்ஜியத்துக்குள் போக வேண்டும்.
உள்ளே கம்பளம், ஒரு மைக், ஒரு திரை.
திரையில் பனிமலை,
குதிரைமேல் பதினான்கு வயதுப் பையன்,
தோளில் இடிக்கிற தலைக்கவசம்.

வசனம் எழுதும் சடகோபனுக்கு
இரண்டு நாளாக வார்த்தைகளோடு மல்லுக்கட்டு.
நைட் என்று போட்டால்
'நைட்டுன்னா ராத்திரிதானே' என்பார்களாம் பிள்ளைகள்.
போர்வீரன் நீளம், அதற்குள் பையன் வாயை மூடிவிடுகிறான்.
மறவன் என்றால் ஊர்ப்பக்கம் வேறு அர்த்தம்.
கடைசியில் வீரா.
இரண்டே எழுத்து, வாய் திறந்தபடி முடிகிறது.
டிராகனுக்கு யாளி என்று எழுதி, அடித்து,
'யாளி கோயில் தூணைவிட்டு இறங்காதும்மா,
நெருப்பும் கக்காது' என்று
டிராகன் என்றே விட்டுவிட்டார்.

நான் கூட்டத்துக்கு வந்தவள்.
'ஓடுங்க, வருது, வருது!' அது நான்.
'ஐயோ என் வைக்கோல்போர்!' அதுவும் நான்.
இளவரசியின் நாலு தோழிகளில் மூன்று பேர் நான்.
நாள் கூலி.
எத்தனை பேராகக் கருகினாலும் ஒரே தொகை.

தாய் டிராகனுக்கு வரவேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
எமீமா, நீ பாரேன் என்றார்கள்.
அது பேசுவது மூன்றே வரி.
மற்றதெல்லாம் தாளில் அடைப்புக்குறிக்குள்:
(மூச்சு) (பெருமூச்சு) (மூச்சு, வலியுடன்)

முதல் டேக்கில் புலி வந்தது.
இரண்டாவதில் பேய்.
'கோபப்படாதே' என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
'அது முட்டையைத் தேடுது.'
ஐந்தாவதில் இருமல்.
அப்புறம்தான் தாதர் வந்தது.

எனக்கு ஒரு நொடி முன்னால் இறங்கிவிட்டாள் ரூபினி, அப்போது நாலு வயது.
ஏறுகிற கூட்டம் என்னை உள்ளேயே திருப்பித் தள்ளியது.
வண்டி நகர்ந்தது.
பிளாட்பாரத்தில் சிவப்புக் கிளிப் ஒன்று
பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
மாட்டுங்கா வரை நான் கத்தவில்லை.
(திரும்பி ஓடியபோது ஒரு மீன்காரம்மா
அவளைக் கூடைமேல் உட்கார வைத்திருந்தாள்.
அது வேறு கதை.)

ஏழாவது டேக்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
'அடுத்த சீன்' என்றார்கள்.
நன்றாக இருந்தது என்பதற்கு அங்கே அதுதான் சொல்.

ஞாயிறு காலை ஒன்பதரை, சயான்.
தமிழுக்கு அந்த ஒரு காட்சிதான்.
பாப்கார்ன் விலையைப் படித்துவிட்டு
செல்வின் வரிசையிலிருந்து கௌரவமாக விலகி வந்தார்.
பையிலிருந்த முறுக்கை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

மேகம் கிழிந்து அது இறங்கியது.
காலடியில் தரை அதிர்ந்தது.
இவ்வளவு பெரிய தொண்டையை
நான் எங்கே வைத்திருந்தேன்?
பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.
ரூபினி கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
என் கைக்குள் முகத்தைப் புதைத்தாள்.
எனக்குப் பயந்து என்னிடமே ஒளிந்தாள்.
'போயிடுச்சாம்மா?'
வாயைத் திறக்கத் தயக்கமாக இருந்தது,
பதிலாக அது வந்துவிட்டால்?
தலையை மட்டும் தடவினேன்.

பிள்ளைகள் படம். வாளை வீரா கீழே போடுகிறான்.
முட்டை கிடைக்கிறது. ராஜாவே அழுகிறார்.
பெயர்கள் ஓடின, குதிரைக்குப் புல் போட்டவர் வரைக்கும்.
தமிழ்க் குரல்கள் வருவதற்குள்
விளக்கைப் போட்டுத் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள்.

பாண்டுப் போகும் வண்டி.
ரூபினி இப்போது வீரா. செல்வின் குதிரை.
'அம்மா, நீ டிராகன்.'
உறுமப் பார்த்தேன். உதட்டைச் சுழித்தாள்.
'உனக்கு வரலைம்மா. பரவால்ல,
மூச்சு மட்டும் விடு.'

குர்லாவில் கூட்டம் ஏறியது.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
'வலிக்குது' என்றாள் வீரா.