கொசுறு

வியாழன் இரவு பதினொன்றுக்கு
பீடோர் பெரிய சாலையில் என் கைப்பேசிக் கடை மட்டும்
பாதி இறங்கிய ஷட்டருக்குள் விழித்திருக்கும்.
கேட்டால், கணக்கு முடிக்கிறேன் என்பேன்.
யுவனேஸுக்குத் தெரியும்.
அவன்தான் என் பெயரில் பதிந்து கொடுத்தவன்.
"அக்கா, வாரம் ஒரு கேம் சும்மா தர்றான்.
கார்டு நம்பர்கூட கேக்கல."

கார்டு நம்பர் கேட்காதவனைத்தான்
நான் முதலில் சந்தேகப்பட்டேன்.
பதினோரு வருடமாக இதே தொழில்.
'திரைக் கண்ணாடி இலவசம்' என்று
வாசலில் எழுதி வைத்தவள் நான்.
எண்பது சென் சரக்கு.
ஒட்டி முடிக்க ஐந்து நிமிடம்,
அதுவரை ஆள் சும்மா நிற்கவேண்டும்,
நிற்பவர் சுவரைப் பார்க்கவேண்டும்,
சுவர் முழுக்க உறைகள், ஒன்று இருபத்தைந்து வெள்ளி.
செம்பனைத் தோட்டத்து ரஃபிக்குல் மட்டும்
கண்களை மூடிக்கொண்டு நின்றான்.
அன்றிலிருந்து அவன்மேல் எனக்கொரு மரியாதை.

பையில் கடைசியாக விழும் கறிவேப்பிலைக்குப்
பெயர் இருக்கிறது, கொசுறு.
வாங்கும் முன்பே விழுவதற்கு என்ன பெயர்?
தூண்டில்காரனைக் கேட்டால் சொல்வான்.
ஆனால் இவன் புழுவைத் தின்னவிட்டு
மீனை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறான்,
அடுத்த வியாழனும் வா என்று.
அதுதான் வெகு நாள் பிடிபடவில்லை.

சரக்கெடுக்க ஈப்போ போகும் பேருந்தில்
தாப்பா தாண்டும்போது பிடிபட்டது.
என் கண்ணாடி ஒன்று போனால் ஒன்று குறையும்.
அவன் சரக்கை லட்சம் பேர் அள்ளினாலும்
அலமாரி அப்படியே இருக்கும்.
செய்தவனுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு
நம் காலுக்கு அவன் வாசலைப் பழக்குகிறான்.
பக்கத்திலிருக்கும் பெரிய கடைக்கே போய்ப் பழகிய கால்
அவ்வளவு சுலபத்தில் திரும்பாது,
எனக்குத் தெரியாதா.

எனக்கு முன் இந்தக் கடையில் ஆ லியோங்
திருட்டு சிடி விற்றார். ஒன்று ஐந்து வெள்ளி,
மூன்று எடுத்தால் பன்னிரண்டு.
அதிகாரிகள் வந்த மத்தியானம்
ஒரு கோணி நிறைய பின்வாசல் ஓடைக்குப் போனதாம்.
ஒருநாள் அசலையே சும்மா கொடுப்பார்கள், தவுக்கே,
என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்
தே ஓ சட்டையில் சிந்தச் சிரித்திருப்பார்.

இருநூற்றுப் பதினான்கு விளையாட்டுகள் என் பெயரில்.
போர், பந்தயக் கார், பேய் பங்களா,
பிரிக்காத கல்யாணப் பரிசுகள்போல் கிடந்தன.
"ஓசியில் கிடைத்தால் பினாயிலையும்..."
என் கணவர் ஆரம்பிப்பார்,
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

பெருநாள் விடுமுறை. விடாத மழை.
தோட்டத்திலிருந்து யாரும் டவுனுக்கு இறங்கவில்லை.
பொழுது போகாமல் ஒன்றைத் திறந்தேன்.

ஒரு பெண். ஒரு சின்னப் படகு.
தீவு தீவாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.
சுடுவதற்கு ஒன்றுமில்லை, ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை.
பைக்கு அடியில் முகவரியில்லாத கடிதம் ஒன்று,
எந்தத் தீவிலும் யாரும் கை நீட்டவில்லை.
ஷட்டருக்கு வெளியே மழை ஓய்ந்ததும்
மணி இரண்டாகியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

கடைசித் தீவில் திரை இருண்டது.
இரண்டாம் பாகம் நாற்பது வெள்ளி,
உங்களுக்கு மட்டும், இன்றிரவு மட்டும், முப்பத்திரண்டு.

எண்பது சென்னால் வகுத்துப் பார்த்தேன்.
நாற்பது கண்ணாடி.
கண்களை மூடிக்கொண்டிருக்கலாம்.
நான் சுவரைப் பார்த்தேன்.

கார்டு நம்பர் இப்போது கேட்டான்.
பதினாறு எண்களும் பார்க்காமலே வந்தன.

மறுநாள் கணக்கில்
'சில்லறைச் செலவு' என்று எழுதினேன்.
யுவனேஸிடம் சொல்லவில்லை.
ஒன்பது தீவு முடித்துவிட்டேன்,
அந்தக் கடிதம் யாருக்கென்று
இன்னும் தெரியவில்லை.