லவோரோ

போரா காற்று மூன்றாம் நாளாக
சான் ஜாக்கமோ மேட்டில் குப்பைத்தொட்டிகளை உருட்டி விளையாடுகிறது.
கீழே துறைமுகத்தில் கயிறுகள் விடிய விடிய முனகுகின்றன.
வெளியே கால் வைக்க முடியாது.
என் சொந்த இணையதளத்தைப்
பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
ஏழாவது முறையாக.

பல் மருத்துவர் ஸனியேருக்குப் பத்தே நாளில் முடித்துக் கொடுத்தேன்.
கப்பல் கயிறு விற்கும் புரூனாவுக்கு ஒரு வாரம்.
சவப்பெட்டிக் கடைக்காரருக்கு இரண்டு இரவு,
அவர் அவசரம் அப்படி.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி
கழுநீர்ப் பானையில் விழுமாமே.
என் பானையில் ஒன்பது நீலங்கள்.
நள்ளிரவுக்கு மேல் ஒன்பதும் ஒரே நீலம்.

‘என்னைப் பற்றி’ என்ற இடத்தில்
கர்சர் மட்டும் துடிக்கிறது.
பழையதில் ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தேன்.
எங்கள் குழு, எங்கள் அணுகுமுறை.
நானும் ஒரு ஹீட்டரும்.

நவம்பரிலிருந்து புது வேலை ஒன்றுமில்லை.
எழுத்துரு மெலிவு என்று நினைத்தேன்.
படங்கள் பழசு என்று நினைத்தேன்.
ஊதினேயில் ஒரு பையன் பாதி விலைக்குச் செய்கிறானாம்,
அவனைச் சில நாள்
பெயர் தெரியாமலே வெறுத்துப் பார்த்தேன்.

யாரும் வராத பக்கங்களை அழிக்கலாமென்று
நேற்று வருகைப் பதிவைத் திறந்தேன்.
முகப்புக்கு முப்பத்தொரு பேர்.
புரூனாவின் கயிறுக்கு ஒன்பது பேர்.
‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பக்கத்துக்கு
இருநூற்றுப் பதினான்கு பேர்.

எல்லாரும் ஒரே முகவரியை அடித்திருக்கிறார்கள்.
பணப்பையிலிருந்து என் விசிட்டிங் கார்டை எடுத்தேன்.
தாரியோ பெத்ரோனியோ அச்சகம், ஐந்நூறு அட்டை,
தடித்த தந்த நிறத் தாள்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை
லென்ஸ் வைத்து அளந்தவள் நான்.
எழுத்தைப் பார்க்கவில்லை.

லவோரி என்றால் நான் செய்த வேலைகள்.
லவோரோ என்றால் வெறும் வேலை.
கடைசியில் ஒரே ஓர் எழுத்து.
அட்டையில் லவோரோ.

வேலை, என்று தட்டியிருக்கிறார்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.
இல்லை, என்று சொல்லியிருக்கிறேன்,
பெரிய எழுத்தில், இருப்பதிலேயே நல்ல நீலத்தில்,
கூடவே தூங்கும் பூனை ஒன்றை வேறு வரைந்து வைத்து.

முக்ஜாவிலிருந்து யாரோ ஒருவர்
ஒரே இரவில் பதினோரு தடவை வந்திருக்கிறார்.
கடைசியாக 2.47க்கு.
ஒரு மதுக்கடையோ, மீன்கடையோ,
தனியாக விடப்பட்ட ஒருவரின் புதுத் தொழிலோ.
தட்டத் தட்டப் பூனை தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

தாரியோவைக் கூப்பிட்டுக் கத்தலாமென்று போனை எடுத்தேன்.
“நிவேஸ், மாதிரித் தாளில் நீதானே கையெழுத்துப் போட்டாய்?”
என்று கேட்பார்.
போட்டேன்.
அந்தக் கையெழுத்தும் அழகாகத்தான் இருந்தது.

சரிசெய்ய ஒரு வரி போதும்.
தவறான வாசலிலிருந்து சரியான வாசலுக்கு
அரை நிமிடத்தில் ஆளைத் தள்ளிவிடலாம்.
எழுதினேன்.
பிறகு அந்த வரியை நானே அழித்தேன்.

அங்கேயே இரண்டு வாக்கியம் வைத்தேன்:
‘நீங்கள் சரியாகத்தான் வந்தீர்கள்.
தப்பு என் அட்டையில்.’
கீழே தொலைபேசி எண்.
பூனைக்கு ஒரு கண்ணைத் திறந்துவிட்டேன்.
அதற்குத்தான் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

முகப்பு இன்னும் பிரிந்தே கிடக்கிறது.
ஒன்பது நீலமும் அப்படியே.

காலையில் போன் அடித்தது.
முக்ஜா இல்லை, ஸனியேர்.
லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்றார்.
மற்ற நாளென்றால் அரை மணி நேரம் சண்டை போடுவேன்.

எவ்வளவு பெரிதாக, டாக்டர்,
என்று கேட்டேன்.